அஞ்சு வேளையும் அவிழ்த்த கட்டு

பல்லேபொலப் பக்கத்தில் ஸுபைதா தைத்த ஸ்கூல் உடுப்பைப் போடாமல் வளர்ந்த முஸ்லிம் பெண்பிள்ளைகள் குறைவு. டிசம்பர் பிறந்தால் அவள் வீட்டு முன்னறை முழுக்க வெள்ளைத் துணி. பிள்ளையை வாசலில் கண்டதுமே பாதி அளவைச் சொல்லிவிடுவாள். "இவக்கு ஒரு தோள் இறக்கம். பேக்க ஒரே பக்கம் கொழுவ உடாதீங்க" என்று தாய்மாருக்கு ஓசியில் புத்தியும் கிடைக்கும். தைப்பதற்கு ஆள் வைத்துக்கொள்வாள். ஆனால் வெட்டுவது அவளுடைய வலக்கை மட்டும்தான்.

நாற்பத்தாறாம் வயதில் நோய் வந்ததும் அந்தப் பக்கம்தான். கண்டியில் ஒப்பரேஷன் செய்து வலது மார்பை எடுத்தார்கள். அக்குளுக்குள் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், கதிர் வைத்தியம் என்று கரண்ட் பிடித்தார்கள். உயிர் தப்பினோம் என்று அவள் மூச்சு விட்ட நேரத்தில் கை வீங்கத் தொடங்கியது. கணுக்கள் இல்லாததால் கையில் ஊறும் நீர் இறங்க வழியில்லை என்று கிளினிக்கில் விளங்கப்படுத்தினார்கள். விரலிலிருந்து தோள்வரை பன்டேஜ் சுற்றப் பழக்கிவிட்டு, பகல் முழுக்க அது கையில் இருக்க வேண்டும் என்றும், அந்தக் கையில் ஊசி குத்தவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

பத்து மாதம் போனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் தன் அளவு நாடாவாலேயே கையை அளந்து பார்ப்பாள். இடது மேல்கை பதினொரு அங்குலம். வலது பதின்மூன்றில் தொடங்கி பதினைந்தைத் தாண்டியது. தன் சட்டைகளின் வலது கையை மட்டும் பிரித்து, கம்மக்கட்டில் துண்டு வைத்து அகலமாக்கிக்கொண்டாள். வெளியில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் பெருவிரல் போகவில்லை. அந்த டிசம்பரில் வந்த துணியையெல்லாம் "அடுத்த வருஷம் பாப்போம்" என்று திருப்பி அனுப்பினாள். அடுத்த வருஷத்துக்குள் கை இறங்கிவிட வேண்டும். அவள் துஆவெல்லாம் அது ஒன்றுக்குத்தான்.

மாத்தளையில் ஆயுர்வேத ஆஸ்பத்திரி ஒன்றில் அக்குபங்சர் ஊசி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் புருஷன் பஸீர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஊர்த் தோட்டங்களில் மிளகு வாங்கி விற்கும் மனிதர் அவர். வாய் கொஞ்சம், நடை அதிகம். பெண்கள் பகுதி என்பதால் வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டார்.

உள்ளே இருந்த டொக்டர் சிங்களப் பெண். ஸுபைதாவும் சிங்களத்திலேயே முதலில் சொன்னாள்: "மிஸ், இந்தக் கையில மட்டும் குத்தாதீங்க."

"குத்தமாட்டேன். காலிலயும் மற்றக் கையிலயும்தான் வைப்பேன்" என்றார் டொக்டர். "இன்னொண்டும் சொல்றேன் அம்மா. இது பாரத்தையும் வலியையும் கொறைக்கலாம். கையச் சின்னதாக்கும் என்டு நான் வாக்குத் தரமாட்டேன். அதுக்குக் கட்டுத்தான் முக்கியம்."

மயிரிழை மாதிரி ஊசிகள். எறும்பு கடித்ததுபோல ஒரு நொடி, பிறகு ஒரு கனத்த சூடு. இரண்டாம் தடவை போய் வந்த இரவு அவள் விடியும்வரை தூங்கினாள். மாதக் கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்தவள், ஸுபஹு தொழுகைக்குப் பஸீர் எழுப்பியபோது எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் முழித்தாள்.

நாலாம் தடவை. ஊசிகளை எடுத்துவிட்டு டொக்டர் தானே அவள் கைக்குப் பன்டேஜ் சுற்றப் போனார்.

"வேணாம் மிஸ். இப்ப லுஹருக்குப் பாங்கு சொல்லும். கழுவ மறுபடி அவுக்கணும்."

"தொழுகைக்கா? அப்ப ஒரு நாளைக்கி எத்தன தரம் அவுக்கிறீங்க?"

"அஞ்சு."

"திரும்ப யாரு சுத்துற?"

"நான்தான். இடக்கையால. ஒருக்காச் சுத்த அரை மணித்தியாலம் போகும். பின்னேரம் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில நேரம் பத்தாட்டி சுத்துறல்ல."

டொக்டர் பன்டேஜைக் கட்டிலில் வைத்தார். கோபப்படவில்லை. அவள் முழங்கைக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. பழைய ரப்பர் மாதிரி இருந்தது.

"போன வருஷம் கால் முறிஞ்ச ஒரு முஸ்லிம் அம்மா இங்க வந்தாங்க. கட்டுக்கு மேல ஈரக்கையால தடவிட்டுத் தொழுதாங்க. எனக்கு ஒங்கட சட்டம் தெரியாது. நீங்க யாரிட்டயாவது கேட்டீங்களா?"

கேட்டிருந்தாள். கட்டுப் போட்ட முதல் கிழமையே பஸீரிடம் சொன்னாள், பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் மார்க்கச் சட்டம் ஒரு வார்த்தை கேட்டு வரும்படி. போய் வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார், தண்ணி பட்டே ஆகணுமாம் என்று. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அல்லாஹ்வின் கடமை, கை வலித்தாலும் அவிழ்த்துக் கழுவினாள்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்க அண்டைக்கி ஹஸ்ரத்திட்ட எனத்தக் கேட்டீங்க?"

கண்டக்டர் மிச்சக் காசு தந்தான். பஸீர் அதைப் பையில் போடாமல் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"கேக்கல்லயா?"

"பள்ளியில நாலு பேர் நிண்டாங்க, ஸுபைதா. எனத்த வருத்தம், எங்க வருத்தம் என்டு கேப்பாரே. அந்த எடத்துப் பேர எப்படிச் சொல்ற? கட்டுப் போட்டாலும் கழுவத்தான் வேணும் என்டுதான் நானும் நெனச்சிக்கிட்டு இருந்தேன். அதத்தான் வந்து சொன்னேன்."

பஸ் ஒரு மேட்டில் முக்கி ஏறியது.

"கை என்டு சொல்லியிருக்கலாமே" என்றாள் பிறகு. "கழுவுறது கையத்தானே."

அன்று மஃரிபுக்குப் பிறகு அவர் பள்ளியில் எல்லாரும் போகும்வரை காத்திருந்து கேட்டார். ஹஸ்ரத் சின்ன வயதுக்காரர். "அவுக்கத் தேவல்ல பஸீர் நானா. கட்டுக்கு மேல ஈரக்கையால தடவட்டும், மண்ணத் தொட்டுத் தயம்மும் செஞ்சிக்கிடட்டும். நோயாளிக்கு மார்க்கத்தில சலுகை ஈக்கி. ஏன் இவ்வளவு நாளும் கேக்கல்ல?" என்றாராம். வீட்டுக்கு வந்து அந்தக் கடைசிக் கேள்வி உட்பட ஒரு சொல் விடாமல் பஸீர் ஒப்புவித்தார். அவள் தொழுகை விரிப்பில் இருந்தபடி கேட்டாள். மூடிய முக்காட்டுக்குள் அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பன்டேஜ் சுற்றுவது அவர் வேலையானது. விடிய எழும்பி, விரல் விரலாக, ஆஸ்பத்திரியில் காட்டித் தந்தபடியே சுற்றுவார். "இறுக்கமா?" என்று கேட்பார். "இல்ல" என்பாள். மூன்று மாதம் கட்டுப் பகலில் அவிழவேயில்லை. நாடாவில் முக்கால் அங்குலம் இறங்கியது. அத்தோடு நின்றுவிட்டது.

"தொடக்கத்தில அது வெறும் தண்ணி அம்மா, அப்பவே அவுக்காமக் கட்டி வச்சிருந்தா இறங்கியிருக்கும்" என்றார் டொக்டர். "இப்ப உள்ளுக்குள்ள தசையே மாறி இறுகிப் போச்சி. இனிக் கூடாமப் பாத்துக்கலாம். பழைய கை வராது."

வியாழக்கிழமை ஊசிக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. கை சுருங்கும் என்றல்ல. அன்றைக்கும் அடுத்த நாளைக்கும் தூக்கம் வரும், அதற்காக.

டிசம்பர் வந்தது. ஸ்கூலுக்குப் பக்கத்து வீட்டு மபாஸா தன் இரண்டு மகள்களையும் வெள்ளைத் துணியையும் கொண்டு வந்தாள்.

"போன வருஷமும் ஏமாத்திட்டீங்க ராத்தா. டவுன்ல தைச்சது, கையத் தூக்கினா கிழியுது. இந்த முறை உங்கள உடமாட்டேன்."

"எனக்கு இனி ஏலாது தங்கச்சி."

"அப்படி எனத்த வருத்தம்? பஸீர் நானாட்ட கேட்டா வாதம் என்டாரு."

ஸுபைதா போர்வையை விலக்கிக் கையைக் காட்டினாள். ஊரில் யாருக்கும் அதுவரை காட்டியதில்லை.

"வாதமில்ல. மார்புல கேன்சர். ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அதால வந்த வீக்கம். வெட்டுற கை போச்சி."

பெரிய மகள் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மபாஸா துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். உள்ளே பஸீர் மிளகு புடைத்துக்கொண்டிருந்த சுளகின் சத்தம் நின்றிருந்தது. நெடுநேரம் கழித்துத்தான் அது மறுபடி கேட்டது.