நாலாம் மாடிக்குப் போன அலுமாரி

என் ஊர் வடமராட்சியில் ஒரு சின்னக் கிராமம். சித்திரைக் கயிறிழுத்தலில் எங்கள் அணி தோற்றதை உயிரோடிருப்பவர்கள் யாரும் பார்த்ததில்லை. அந்த அணியில் இழுத்த ஆறு பேர் இப்போது கொழும்பு வெள்ளவத்தையில், பிள்ளைகளின் ஃபிளாட்களில் இருக்கிறார்கள். கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றி நின்றவர் என் பெரியப்பா. ஆறு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பிரஷர் குளிசை போடாதவர் ஒருவருமில்லை.

போன வருடம் நாங்களும் அங்கே, கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடிக்குக் குடிவந்தோம். என் மனைவி கொட்டாஞ்சேனைக்காரி. அவள் தாய்வீட்டுத் தேக்கு அலுமாரி லிஃப்டுக்குள்ளும் நுழையவில்லை, படிக்கட்டு வளைவிலும் திரும்பவில்லை.

"கயிறு போட்டு வெளியால ஏத்துவம்," என்றார் பெரியப்பா.

"கூலிக்கு ஆக்களைப் பிடிக்கட்டோ?"

"கூலிக்கோ? எங்கட டீம் இருக்கேக்கையோ?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

ஞாயிறு காலை ஆறு பேரும் அரைக் காற்சட்டையோடு வந்தார்கள். மொட்டை மாடியில் ஒரு கப்பியைக் கட்டிக் கயிற்றை விட்டோம். ஒரு முனையில் அலுமாரி. மறுமுனையைப் பிடித்து ஆறு பேரும் ஒழுங்கையில் வீட்டைப் பார்த்தபடி, கடல் பக்கமாக வரிசையாகச் சரிந்து நின்றார்கள். நானும் மனைவியும் அலுமாரியை உள்ளே எடுக்கப் பல்கனியில் காத்திருந்தோம்.

பெரியப்பா குரல் கொடுத்தார். அலுமாரி சும்மா வெற்றுப் பெட்டி மாதிரி எழும்பியது. எனக்கு ஊர்ப் பெருமை தாங்கவில்லை. அது எங்கள் மாடிக்கு வந்ததும், "காணும், நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். அந்நேரம் பார்த்துக் கடலோரத்தில் ரயில் போனது. தவிர, வெளியே நின்று கத்துபவர்களைக் காதில் எடுக்கக் கூடாது என்பது அணியின் பழைய சட்டம். அலுமாரி எங்கள் மூக்குக்கு முன்னாலேயே மேலே போய், நாலாம் மாடிப் பல்கனிக் கம்பியில் மோதி நின்றது. எட்டிப் பார்த்த சிங்கள அன்ரி, இது தன்னுடையது இல்லை என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார்.

கீழே ஓடினேன். "பெரியப்பா, ஒரு மாடி இறக்க வேணும். கயிறோட முன்னுக்கு வாங்கோ."

ஆறு முகங்களும் கறுத்தன.

"தம்பி, நாங்கள் கயிறோட முன்னுக்குப் போனதா ஊரில ஒருத்தனும் கதைச்சதில்லை."

"பெரியப்பா, இது போட்டி இல்லை. அலுமாரி!"

"அலுமாரியிட்டத் தோத்த கதையும் வரப்படாது."

அதற்குள் முன்னால் நின்றவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. யாரும் பிடியை விடவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது. மேலேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"மாமா! எல்லாரும் கடல் பக்கம் திரும்பிக் கயிறைத் தோளில போடுங்கோ. இனிப் பின்னுக்கு நடவுங்கோ!"

பின்னுக்கு என்ற சொல் வேலை செய்தது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடலைப் பார்த்தபடியே, வீட்டை நோக்கி அடியடியாகப் பின்னால் வந்தார்கள். அலுமாரி மெல்ல இறங்கியது. நான் மேலே ஓடிப்போய், மனைவியோடு சேர்ந்து அதைப் பல்கனிக்குள் இழுத்தேன். ஒரு கதவின் கைப்பிடி மட்டும் கழன்று விழுந்தது.

தேத்தண்ணி குடித்தபடி பெரியப்பா ஊருக்கு ஃபோன் எடுத்தார். "ஓம், இண்டைக்கு ரெண்டு இழுவை. ரெண்டும் எங்களுக்குத்தான்."

மனைவி கைப்பிடியை மேசையில் வைத்துவிட்டு, அவருக்கு இன்னொரு வடை போட்டாள்.