கருப்பாகத் தெரிந்த துண்டு

பக்கிரிசாமியை எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. சொன்ன தேதியில் எதையும் கொடுக்கமாட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், ரயில்வே ஸ்டேஷனை அடுத்த பிரிக்பீல்ட்ஸில் என் சோடாக்கடையை ஒட்டி, ஆறடி அகலத்தில் கடிகாரக் கடை வைத்திருந்தான். ரயில்வே கார்டுகள் எல்லாரும் அவனிடம்தான் பழுது பார்ப்பார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி அவருக்கு அன்பளிப்பாகத் தந்த சுவிஸ் பைக்கடிகாரம் ஒரு நாள் கீழே விழுந்துவிட்டது. உள்ளே ஆடும் சக்கரத்தின் அச்சைத் தாங்கும் சிறு கல்லை மூடிப் பிடிக்கும் உருக்குத் தகடு உடைந்திருந்தது. அரிசியில் பாதிகூட இராது. புதுத் தகட்டைப் பக்கிரிசாமி ஒரே நாளில் வெட்டிவிட்டான். அதற்கு மெருகேற்றத்தான் ஒன்பது நாள்.

சுங்கை பீசி ஈயலம்பத்திலிருந்து, அதாவது ஈயச் சுரங்கத்திலிருந்து, யாரோ கொண்டுவந்து கொடுத்த வெள்ளீயக் கட்டி ஒன்று அவனிடம் இருந்தது. அதில் எண்ணெயில் குழைத்த மெருகுப் பொடியைத் தடவி, தகட்டை வட்டம் வட்டமாகத் தேய்ப்பான். ஒரு தூசு விழுந்தால் கீறல்தான், மறுபடி முதலிலிருந்து. எங்கள் தெருவிலோ எஞ்சின் கரி ஓயாமல் பறக்கும். அதனால் மழை விட்டபின், அடுத்த ரயில் வருவதற்குள் கிடைக்கும் அரை மணிதான் வேலை நேரம். மழை வராத நாளில் சும்மா உட்கார்ந்திருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூடிக்குள் கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேவிட்டேன்.

"பக்கத்துத் துண்டெல்லாம் பாருங்கண்ணே, சுவிஸ்காரன் ஓரத்தக்கூட கையால தேய்ச்சிருக்கான். நான் செஞ்சது மட்டும் மொட்டையா நின்னா அசிங்கம் லா," என்றான்.

கடிகாரம் ஓடியது. கார்த்திகேசு சந்தோஷமாகத்தான் வாங்கிப் போனார். வீட்டில் அன்றுதான் முதன்முறையாகப் பின்மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். தங்க நிறத்துக்கு நடுவே கரித்துண்டு போல ஒன்று. வந்ததே கோபம்! நல்ல உருக்கைத் திருடிக்கொண்டு கருப்பு இரும்பை வைத்துவிட்டான் என்று கடை வாசலில் நின்று கத்தினார். ஒரு நிமிஷம் கையில் கொடுங்கள், காட்டுகிறேன் என்று பக்கிரிசாமி கெஞ்சினான். கொடுத்தால் மிச்சமும் போய்விடும் என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பெரிய மனிதர் சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்? இரண்டு மாதம் ஒரு கார்டும் அந்தக் கடைப் பக்கம் வரவில்லை. பக்கிரிசாமி காலிக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தான். பிடிக்காதவன்தான், ஆனாலும் திருடன் இல்லை. நானே கார்த்திகேசுவிடம் போய்ப் பேசினேன். முருகன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், நம்புகிறேன் என்றார். பக்கிரிசாமி சரி என்றான். கடிகாரத்தை மூடி திறந்து தட்டில் வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவன் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்துப் பேர் கூடினோம். சந்நிதிக்கு முன்னால் கல்லின்மேல் சூடம் எரிந்தது.

"கையை வைச்சு அணையும்," என்றார் கார்த்திகேசு.

பக்கிரிசாமி அணைக்கவில்லை. மூடி திறந்த கடிகாரம் இருந்த தட்டை இரு கையாலும் எடுத்துச் சுடருக்கு நேரே மெல்லச் சாய்த்தான். கரியாக இருந்த துண்டு சட்டென்று வெளுத்தது. சுடர் அதற்குள் துளி நெளிவில்லாமல் முழுசாக நின்றது. சாய்ப்பை மாற்றினான், மறுபடி கருப்பு. முழு மெருகு ஏறிய உருக்கு அப்படித்தானாம். அரைகுறையாகத் தேய்த்தது எந்தப் பக்கம் திருப்பினாலும் சாம்பலாகவே தெரியுமாம். எனக்கே அன்றுதான் தெரியும்.

கார்த்திகேசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். குரல் இறங்கிவிட்டது.

"ஒம்பது நாள் தேய்ச்சேங்க ஐயா. நீங்க ஒரு தடவ சாய்ச்சுப் பாத்திருக்கலாம்."

கார்த்திகேசு சூடத்தின் முன் வந்தார். குனிந்தார். எரிந்துகொண்டிருந்த சூடத்தைத் தன் உள்ளங்கையை வைத்து அணைத்தார்.

"இவர் களவெடுக்கேல்லை," என்றார் எங்கள் எல்லாரையும் பார்த்து. "பிழையாச் சொன்னது என்ர வாய்தான்."