மாசி மகத்தில் ஒரு அறிவிப்பு

எங்கள் வீட்டில் சவுண்டு என்ற ஒரே வார்த்தையை வைத்து முக்கால்வாசிப் பேச்சு முடிந்துவிடும். நான் அடம்பிடித்தால் "சவுண்டு வுடாத" என்பார் அம்மா. பணக்காரர்கள் எல்லோரும் சவுண்டு பார்ட்டிகள். ஆளைக் கூப்பிட ஒரு சவுண்டு கொடுத்தால் போதும். திருப்போரூரில் சித்தப்பா வைத்திருந்த ஒலிபெருக்கிக் கடையோ சவுண்டு சர்வீஸ். இத்தனைக்கும் நடுவில் வளர்ந்ததால்தானோ என்னவோ, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் சித்தப்பாவின் செட்டுதான். சவுக்குக் கம்புகளில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் தண்ணீர் ஓரம் வரை போகும். மைக்கு மட்டும் ரோட்டோரப் பந்தலில் இருக்கும். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளின் பெயரை அவர் அறிவிப்பார்.

எனக்கு எட்டு வயதான வருஷம், காலையில் செய்யூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். "செல்வி, ஏழு வயசு, மஞ்ச பாவாட. ஒரு சவுண்டு குடு அண்ணாத்த" என்றார். முந்தின வருஷமும் அவர் வந்து இதையேதான் சொன்னார். அப்போதும் ஏழு வயது, அதே மஞ்சள் பாவாடை. சித்தப்பா ஒன்றும் கேட்காமல் மூன்று முறை அறிவித்துவிட்டு, செட்டை அணைக்காமல் டீ குடிக்கப் போனார். அந்த அம்மா கடலோரமாகத் தேடிக்கொண்டே நடந்தார்.

யாருமே பதில் சொல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கை எடுத்து, "அம்மா, நான் இங்கதான் கீறேன்" என்றேன். தூரத்துக் குழாயிலிருந்து அது வேறு யாரோ ஒரு சிறுமியின் குரலாகக் கேட்டது. பயந்துபோய் மைக்கைக் கீழே வைத்தேன்.

அந்த அம்மா பந்தலுக்கு வரவில்லை. குரல் வந்த குழாயைப் பார்த்து நடந்தார். அதற்கு அப்பால் கடல்தான். நிற்காமல் இறங்கினார். கழுத்தளவுத் தண்ணீரில் மீனவர்கள் அவரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்கள். "எங்கொழந்த கூப்டுச்சி, கேட்டீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் சிரித்துக்கொண்டே கேட்டார். ஓடி வந்த சித்தப்பாவிடம், அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் வாயைப் பொத்தினார்.

செல்வியைக் கடல் கொண்டுபோய் அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரிய வந்தது வெகுகாலம் கழித்துத்தான்.

மறு மகத்துக்கும் அவர் வந்தார். தலையில் பூ, தெளிந்த முகம், கையில் கொஞ்சம் பெரிய அளவில் ஒரு புதுப் பாவாடை. "செல்வி, எட்டு வயசு" என்றார். சித்தப்பா மைக்கை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வருஷத்துக்கு ஒரு வயது ஏறுவதுதானே முறை, ஒருவழியாக இந்த அம்மா சரியாகச் சொல்கிறார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.