சிவப்புத் துணி கட்டிய விறகு

போன வாரம் ஏற்காட்டில் ஒரு விறகுக் கட்டு என் மானத்தை வாங்கிவிட்டது.

கொட்டச்சேடு போகிற வழியில், ஒரு காபி எஸ்டேட்டுக்குள் கட்டியிருக்கும் ரிசார்ட். இரண்டு நாள் தங்கல். வாசலிலேயே பெரிய போர்டு — ‘இங்கே நீங்கள் விடும் மூச்சு மட்டும்தான் கார்பன்’. படித்ததும் புல்லரித்தது. உள்ளே போனால் ரூமில் ஹீட்டர், கீஸர், வரவேற்பறையில் பட்டப்பகலில் வரிசையாக விளக்குகள்... கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர். அதெல்லாம் மூச்சில் சேர்த்தியோ என்னவோ.

காலையில் வாக்கிங் கிளம்பினேன். காபிச் செடிகளுக்கு நடுவே ஒரு அம்மா தலையில் விறகோடு நிற்க, எஸ்டேட் ரைட்டர் — வேலையாட்களுக்கு ஆஜர் போடுகிறவர் — வழி மறித்துக்கொண்டிருந்தார்.

“கீழ வெச்சிருங்க மேரியக்கா. இனிமே யாரும் விறகு எடுக்கப்படாதுன்னு மேல இருந்து ஆர்டருங்க. எரிச்சா கார்பனாம்.”

“ஏனுங்க ரைட்டர், நான் துணி கட்டி வெச்ச விறகுங்க இது.”

மழைக்கு முன்னால், காபிக்கு வெயில் படட்டும் என்று சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். விழுந்ததைப் பொறுக்கிச் சேர்த்தவர் அதில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவிட்டால் அது அவருடையது. காய்கிற வரை அங்கேயே கிடக்கும், வேறு யாரும் தொடமாட்டார்கள். அப்படி ஒரு வழக்கம். மேரி அக்காவின் துணி சிவப்பு.

“சோத்துக்கு கேஸ் இருக்குதுங்க. மக புள்ளை பெத்து ஊட்ல இருக்கறா. நொம்பக் குளிருங்க. பச்சப்புள்ளைய பச்சத்தண்ணியில குளிப்பாட்டச் சொல்றீங்களா?”

“என் வேலை போயிருங்கக்கா” என்று ரைட்டர் தலையைக் குனிந்துகொண்டார். மேரி அக்கா சுமையை இறக்கிவிட்டு, வெறும் கையோடு நடந்தார். நான்? வாக்கிங்கைத் தொடர்ந்தேன். ரூமுக்குத் திரும்பினால், நான் அணைக்க மறந்த கீஸர் கொதித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் புல்வெளியில் கேம்ப்ஃபயர். ஆளாளுக்குச் செல்ஃபி. நானும் கையைக் காட்டிக் குளிர் காய்ந்தேன், சுகமாகத்தான் இருந்தது. மேனேஜர் பாதி தீர்ந்திருந்த விறகுக் கட்டை நெருப்புப் பக்கம் இழுத்தார். அதில் சிவப்புத் துணி.

“எரிச்சா கார்பன்னு சொல்லி ஒருத்தங்ககிட்ட பிடுங்கின விறகாச்சே சார் இது?” என்று கேட்டேன்.

“கெஸ்ட் கேக்கறாங்களே சார். அதுக்குச் சேர்த்து மரம் நட்டுடறோம்” என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் நாட்டில் தலைக்கு இவ்வளவு கார்பன்தான், ரொம்பக் குறைவு என்று உலக மேடையில் மார்தட்டுகிறோமே... அது யார் தலை? ஹீட்டர் போட்டுத் தூங்கிய என் தலையா? நாடு எரிக்கிற நிலக்கரியையும் டீசலையும் எல்லார் தலைக்கும் சமமாக வகுத்தால், மேரி அக்கா எரிக்காததெல்லாம் என் பேரில் கழிந்துவிடுகிறது. அவருடைய இல்லாமையில் நான் யோக்கியன். இந்த மலையைத் தோண்டி அலுமினியத்துக்காக பாக்சைட் அள்ளிப் போனபோது வராத கார்பன் கவலை, ஒரு கட்டுச் சுள்ளியைப் பார்த்ததும் வந்துவிட்டது. என்ன நியாயம் இது?

மிச்சமிருந்த விறகைத் தூக்கிக் காரில் போட்டேன். யாரும் தடுக்கவில்லை. கெஸ்ட் ஆச்சே.

மறுநாள் காலை, ரைட்டரிடமே வழி கேட்டுப் போய் மேரி அக்கா வீட்டு வாசலில் இறக்கினேன். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“பாதிதான்க்கா இருக்கு. மீதியை நாங்க எரிச்சுட்டோம்” என்றேன்.

சிவப்புத் துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டே அவர் கேட்டார். கிண்டல் துளியும் இல்லை, நிஜமான அக்கறை.

“குளிருக்கு இதமா இருந்துச்சுங்களா?”