கவ்வாத்துச் சாமிக்கு ஒரு வாய்

மாமா, அம்மாவின் ஒரே தம்பி, குடியை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. நுவரெலியா டாக்டர் எழுதிக் கொடுத்த வெள்ளை மாத்திரையைத் தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் விழுங்க வேண்டும். விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது என் வேலை. எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது. நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, "கங்காணியம்மா, போகலாமுங்களா?" என்பார்.

இந்த மாத்திரை எடுக்கிறவன் ஒரு சொட்டு சாராயம் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து என்று தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்மாவும் தலையாட்டினாள்.

மேல்மலையில் தேயிலைச் செடிகளை வெட்டும் கவ்வாத்து தொடங்கியது. முதல் செடியில் கத்தி வைக்குமுன் சாமிக்குச் சேவல் அறுத்து, சாராயம் படைத்து, கத்தி பிடிக்கும் ஆட்கள் ஆளுக்கு ஒரு வாய் குடிப்பது வழக்கம். குடிக்காதவன் காலில் கத்தி பாயும் என்பார்கள். மாமாவும் கத்தி பிடிப்பவர்; அம்மாவுக்கு அந்தப் பயம். அன்று காலை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

பூசையில் மாமா கிளாசை வாங்கிக்கொண்டு தயங்கினார்.

"இன்னைக்குத்தான் மாத்திர போடலியே. சாமிக்கு வச்சது குடியாகுமா? குடிடா தம்பி," என்றாள் அம்மா.

குடித்தார். சற்று நேரத்தில் முகமும் கழுத்தும் செங்கல்லாய்ச் சிவந்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். மூச்சு முட்டிச் சரிந்தார். சாமி வந்துவிட்டது என்று பூசாரி திருநீறு போட்டார். ஒரு பெண், தன் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று மாமாவிடம் குறிகூடக் கேட்டாள்.

"சாமியில்லீங்க. மாத்திர," என்று அம்மா சொன்ன பிறகுதான் கம்பளியில் போட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஊசி போட்டபின், பிற்பகலில்தான் மாமா கண் திறந்தார்.

"ஒரு நாள் நிப்பாட்டினா போதும்னு யாரு ஒனக்குச் சொன்னது? அந்த மருந்து ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, ஒடம்புல நிக்கும். இன்னும் கொஞ்சம் குடிச்சிருந்தா செத்திருப்ப," என்றார், அன்று மாத்திரை போடவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்த டிஸ்பென்சர் ஐயா.

அம்மா சுவரோரமாக நின்றாள்.

"யாரும் சொல்லலீங்க ஐயா. நாந்தான் புள்ளைய ஏமாத்திட்டுக் குடிச்சேன்," என்றார் மாமா.

நான் பெரியவர்கள் முன் வாய் திறக்காத பிள்ளை. அன்று திறக்கப் போனேன். அம்மா என் கையை நெரித்தாள். பிழைத்து வந்த மனிதர் முதல் பேச்சே பொய்யாகப் பேசுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. அம்மாவும் அவர் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள். அவளுக்கும் அவர்மேல் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.