பூசை முடிந்து மலைக்குப் போன ஞாயிறு

பனியில் சறுக்கப் பழகப் போகிறேன் என்று சொன்னபோது இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நான் வீடு துடைக்கப் போகும் இத்தாலிய வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, "நீயா?" என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாங்கள் குடியிருக்கும் போர்கோ வெக்கியோவில் எங்கள் சனம், "மன்னார் வெயிலிலை காய்ஞ்ச உனக்கு உது என்னத்துக்கு?" என்றது. சிரிக்கட்டும். சிஞ்ஞோராவின் மகன் எறியச் சொன்ன இரண்டு சோடி ஸ்கீப் பலகைகளையும் எறியாமல் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். ஒன்று எனக்கு, மற்றது அவருக்கு.

அவர் என்றால் என் கணவர். சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. இரண்டு குளிர்காலம் மதோனியே மலையில் சறுக்கு வகுப்புக்குப் போனோம். ஆளில்லாத சரிவுகளில் நடந்தே ஏறி, பிறகு சறுக்கி இறங்குவதுதான் எங்கள் ஆசை. வளைந்து திரும்புவதை அவர் நன்றாகப் பழகினார். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை நான் நன்றாகப் பழகினேன். வசந்தத்தில் இரவுக் குளிர் பனியை இறுக்கும், பகல் வெயில் அதை இளக்கும். ஆகவே விடியலில் ஏறி, வெயில் உறைக்குமுன் இறங்கிவிட வேண்டும். கால் ஆழமாகப் புதைந்தாலோ, பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ திரும்பிவிட வேண்டும்; சரிவுப் பனி முழுதும் பெயர்ந்து வந்து ஆளைப் புதைத்துவிடும்.

ஆனால் அது தவக்காலத்து ஞாயிறு. தமிழ்ப் பூசையை விடுவதா? பூசை முடிந்தால் தேத்தண்ணி, தேத்தண்ணியோடு கதை. அதற்கு முன் எங்கள் ஆட்கள் ஒருவரும் ஓரிடத்துக்கும் புறப்பட மாட்டார்கள். மலையடியில் காரை நிறுத்தியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இத்தாலியர்கள் இறங்கிவந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். அது என் பிழையும்தான்.

அரை மணி ஏறியிருப்போம். அவர் முன்னே போனார். வெயில் பட்ட சரிவொன்றைக் குறுக்காகக் கடக்க வேண்டும். நான் ஊன்றிய கோல் பிடிவரை உள்ளே போனது. மேலே பாறையடியிலிருந்து பனி உருண்டைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"இஞ்சேருங்கோ, நில்லுங்கோ. திரும்புவம்."

"என்னப்பா இது, இவ்வளவு தூரம் வந்திட்டு? பூசை கண்டிட்டுத்தானே வந்தனாங்கள். மாதா பாத்துக்கொள்ளுவா."

"மாதாதான் எனக்குக் கண்ணும் தந்தவ. நான் வரேல்லை."

"பயந்தாங்கொள்ளி."

"ஓம், பயந்தாங்கொள்ளிதான். உங்கட நெஞ்சிலை கட்டியிருக்கிற கருவி, நீங்கள் எங்கை புதைஞ்சு கிடக்கிறியள் எண்டுதான் காட்டும். தோண்ட வேண்டியது நான். ஈரப் பனி சீமெந்து மாதிரி இறுகிப்போடும். தனிய என்னாலை ஏலாது."

பின்வாங்கி மரங்களுக்குள் நின்றேன். அவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் தனியே போகமாட்டார் என்று தெரியும். தெரியும் என்று நினைத்தேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

அன்று அந்தச் சரிவில் ஒன்றும் நடக்கவில்லை. காருக்குள் இருந்து புட்டுச் சாப்பிட்ட நேரமெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

அடுத்த ஞாயிறு தேத்தண்ணி நேரத்தில் அவர் அதைப் பகிடியாக்கிவிட்டார். "மலை சும்மா கிடக்கு, இவ எடுத்தா ஓட்டம்!" மண்டபமே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் எழும்பினேன்.

"ஓம், ஓடினனான்," என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "இவர் இண்டைக்கு இஞ்சை நிண்டு உங்களுக்குப் பகிடி விடுறார், பாத்தியளோ? அதுக்குத்தான் ஓடினனான்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அடுத்த சனிக்கிழமை பின்னேரம், மறுநாள் விடியவே மலைக்குப் போவதற்காக, ஞாயிற்றுக் கடனுக்குச் சேரும் இத்தாலியப் பூசைக்கு எனக்கு முந்தியே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.