மூன்றாம் பாகத்தில் கங்கம்மா

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸை விட்டு ரயில் நகர்ந்ததும் கங்கம்மா அழத் தொடங்கிவிடுவார். சத்தம் வராது. முந்தானையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, வெளியே ஓடும் சாம்பல்நிற மண்மேடுகளைப் பார்த்தபடி இருப்பார். இடது கண்ணில் மட்டும் நீர் கோத்துக்கொள்ளும். பங்காருபேட்டையில் கூட்டம் ஏறுவதற்குள் துடைத்துவிட்டு வெற்றிலை போட்டாகிவிடும். தினம் அதே பெட்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. புதிதாக ஏறிய யாராவது பதறிப்போய், "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, இன்னிக்கு ஷூட்டிங் கீது" என்பார். ஏன் ஒரு கண் மட்டும் என்றால் அதற்கும் பதில் உண்டு. "கேமரா எப்பவும் அந்தாண்டதான் நிக்குது. வலது கண்ணுத் தண்ணி வீண்தானே?"

கங்கம்மா சினிமாவில் அம்மா. ஒரு கன்னடப் போலீஸ் படத்தில் கதாநாயகனைப் பெற்றவர். படம் நன்றாக ஓடவே இரண்டாம் பாகமும் வந்தது. முதல் பாகத்தில் ஆஸ்பத்திரி வாசலில் அழுதார். இரண்டாம் பாகத்தில் வில்லனின் ஆட்கள் தூணில் கட்டிப்போட, அங்கே அழுதார். கயிற்றின் தடம் மணிக்கட்டில் ஒரு வாரம் இருந்தது; குழாயடியில் கேட்டவர்களுக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டினார். கங்கம்மாவுக்கு வயது நாற்பத்து மூன்று. "நான் பெத்த புள்ளை என்னைவிட மூணு வயசு பெரியவன். ஆனா கால்ல வுழும்போது ஒரு குறையும் வெக்கமாட்டான், தங்கம்!"

சுரங்கக் குடியிருப்புத் திருவிழாவில் போடும் தமிழ் நாடகங்களில்தான் ஆரம்பம். அங்கே அவர் குரலுக்கே கைதட்டு விழும். படத்தில் அந்தக் குரல் இல்லை. அவருடைய கன்னடத்தில் வட ஆற்காடு வாடை அடிக்கிறதென்று வேறொருத்தியைப் பேசவைத்துவிட்டார்கள். முதல் பாகம் ஊர்க்கொட்டகைக்கு வந்தபோது, கங்கம்மாவின் வாயிலிருந்து கிளிக்குரல் ஒன்று புறப்பட்டதும் கொட்டகையே சிரித்தது. அவர் அசரவில்லை. "வாய் என்னுது, அழுகை என்னுது. பேச்சு மட்டும் வாடகை" என்றார். அன்றிரவு சாப்பிடவில்லை என்பது கணவர் முனிரத்தினத்துக்கு மட்டும் தெரியும்.

முனிரத்தினம், ஊர்க்காரர்கள் 'மைன்' என்று சொல்லும் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் இருபத்தைந்து வருடமாக இறங்கி ஏறுகிறவர். பூமிக்கடியில் போகிறவர்களுக்கு அபசகுனம் விளையாட்டில்லை. அவர் ஷிப்டுக்குப் புறப்படும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடாது, எங்கே என்று கேட்கக்கூடாது. இரண்டாயிரத்தொன்றாம் வருடம் பிறந்தபோது, சுரங்கத்தையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சு உறுதியாகிவிட்டது. ஆண்கள் வேலைமுடிந்தும் வீட்டுக்குப் போகாமல் தெருமுனையில் நின்றார்கள். பெண்கள் அடுப்பை மூட்டிவிட்டு வாசலைப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் பாகத்துக்கு அழைப்பு வந்தது. டெலிபோன் பூத்துக்கு ஓடிப்போய்ப் பேசிவிட்டுத் திரும்பிய கங்கம்மா, ராத்திரி சோறு போடும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். கதை தொடங்கும்போதே அம்மா செத்துப்போய்விட்டாளாம். நடிப்பு இல்லை, அழுகை இல்லை. அவரை ஒரு போட்டோ பிடித்து, மாலை போட்டு, செட்டுச் சுவரில் மாட்டவேண்டும். கதாநாயகன் அதன்முன் நின்று சபதம் செய்வான்.

முனிரத்தினம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இன்னாமே இது? மைனையும் மூடறானுங்க, உனுக்கும் மாலை போடறானுங்களா? உயிரோட கீற பொம்பளைக்கு?"

"வேஷந்தானேங்க."

"வேஷம்னா எய்ந்து நிப்பே, பேசுவே. இதுல இன்னா கீது? நீ போவாதே."

கங்கம்மா பாத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் போவலன்னா அவங்க வுட்டுடுவாங்களா? வேற எவ போட்டோவையாச்சும் மாட்டிக்குவாங்க. அப்பறம் ரெண்டு படத்துல அழுதவ யாரு?"

கங்கம்மா புறப்பட்ட காலையில் முனிரத்தினம், இன்னும் எத்தனை நாளைக்கென்று தெரியாத ஷிப்டை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்து ரயில் ஏறினார். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அன்று கங்கம்மா அழவில்லை.

ஸ்டுடியோவில் காலையிலேயே போட்டோ எடுத்து, மத்தியானத்துக்குள் பெரிதாக்கிச் சட்டம்போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். நெற்றியில் அகலமான குங்குமம், லேசான சிரிப்பு. வேலை முடிந்தது, புறப்படலாம் என்றார் மேனேஜர். கங்கம்மா நகரவில்லை. அழகாக ஜோடித்த வீட்டுக்கூடத்தின் சுவரில் போட்டோ ஏறியது. செட் உதவியாள் ஒருவன் சாமந்தி மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

முனிரத்தினம் குறுக்கே போய் நின்றுவிட்டார். "வேணாம்ப்பா. போடாதே." மாலையைக் கையால் தடுத்தார். "நான் தெனம் பூமிக்கடியில போறவன். அவ மேல கீறான்னுதான் திரும்பி வரேன். அவளுக்குப் போய் மாலை போடறியே."

உதவியாளுக்குத் தமிழ் புரியவில்லை, முகம் புரிந்தது. மாலையோடு அப்படியே நின்றான். விளக்குப் போடுகிறவர்கள் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார்கள். யாரோ எரிச்சலாகக் கூப்பிட்டார்கள். கங்கம்மா எழுந்துவந்து, கணவரின் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"அடுத்தவங்க போட்டா சாவு. நானே போட்டுக்கினா வேஷம்" என்றார் மெதுவாக. "நவுருங்க."

மாலையை வாங்கி, முக்காலிமேல் ஏறி, தன் படத்துக்குத் தானே போட்டார். முனிரத்தினம் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கதாநாயகன் வந்து நின்றான், விளக்குகள் எரிந்தன, சத்தம் அடங்கியது. கேமராவின் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கங்கம்மா, "ஒரு நிமிசம்" என்று எல்லாரையும் நிறுத்தினார். மறுபடி முக்காலியில் ஏறி, படத்தின் இடது கண்ணை மறைத்துக்கொண்டிருந்த பூவை விரலால் ஒதுக்கிவிட்டார்.